பயத்தில் விற்கப்படும் பெட்டிகள்: பழைய கிட்டார் ப்ரீஆம்ப்களைச் சல்லிசாக வாங்குவது

ஒரு பழைய கிட்டார் ப்ரீஆம்பின் விலையைப் பெயர் ஏற்றும், பயம் இறக்கும். அந்தப் பெட்டி எப்படி ஒலிக்கிறது என்பதற்கு அந்த விலையில் பங்கு குறைவு. புகழ்பெற்ற ஒரு கிட்டார் கலைஞரின் ரேக்கில் (கருவிகளை அடுக்கும் சட்டத்தில்) அந்த மாடல் இருந்தது என்று தெரிந்தால் போதும், விலை எகிறிவிடும். "ஆன் ஆகிறது, ஆனால் சத்தம் வரவில்லை" என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தால் போதும், அதே மாடல் பாதி விலைக்கும் கீழே வந்துவிடும். சத்தம் வராததற்குக் காரணம் கறுத்துப்போன ஒரு ஜாக்காக (கேபிள் செருகும் ஓட்டை) இருக்கலாம், எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மராகவும் இருக்கலாம். விற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கு வித்தியாசம் தெரிந்திருந்தால் மலிவு அங்கேதான் காத்திருக்கிறது.

பல வருடங்களாக இந்தச் சந்தையைக் கவனித்து வருகிறேன். அதில் தேறிய விஷயங்களை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. அதை எடுத்து வளர்த்து, பேஸ், மிட், ட்ரெபிள் என்று உருக்கொடுத்து, வேண்டுமென்றால் டிஸ்டார்ஷன் என்ற முரட்டு உடைசலும் சேர்த்துத் தருவது ப்ரீஆம்ப். அதற்குப் பிறகு ஸ்பீக்கரைத் தள்ளுவதற்கான சக்தியைக் கொடுப்பது பவர் ஆம்ப். சாதாரண ஆம்பில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ப்ரீஆம்பை மட்டும் தனிப் பெட்டியாக விற்கும் வழக்கம் 1980-களின் பிற்பாதியில் உச்சத்துக்குப் போனது. அப்போது மேடைக் கலைஞர்கள் ஆளுயர ரேக்குகளில் ப்ரீஆம்ப், எஃபெக்ட் (எக்கோ போன்ற ஒலி மாற்றங்களைத் தரும் கருவி), பவர் ஆம்ப் என்று அடுக்கி வைத்திருந்தார்கள். பாப் பிராட்ஷா போன்றவர்கள் அந்த ரேக்குகளை வடிவமைத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்தார்கள்.

ஏடிஏ நிறுவனத்தின் எம்பி-1 வந்தது 1987-ல். சிக்னலை வளர்க்கும் கண்ணாடிக் குழாயான டியூப், 12ஏஎக்ஸ்7 வகையில் இரண்டு, 128 ப்ரீசெட் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு), எல்லாவற்றையும் மிடி என்ற, இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் டிஜிட்டல் மொழி மூலம் காலால் மாற்றிக்கொள்ளும் வசதி. டியூபையும் மிடியையும் ஒரே பெட்டியில் சேர்த்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். பின்னாலேயே 1991-ல் மெஸா பூகியின் ட்ரைஆக்ஸிஸ், 1992-ல் மார்ஷலின் ஜேஎம்பி-1. அப்புறம் காற்று திசை மாறியது. கிரஞ்ச் (grunge) என்ற முரட்டு ராக் இசை வந்ததும் பளபளப்பான ரேக் ஒலி பழசாகிவிட்டது, எல்லோரும் நாலைந்து குமிழ் உள்ள எளிய ஆம்புக்கும் தரையில் போடும் பெடலுக்கும் திரும்பினார்கள். பிறகு ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் கருவிகள்: 1998-ல் லைன் 6 நிறுவனத்தின் பாட் வந்தது, 2006-ல் ஃப்ராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ். கனமான ரேக் பெட்டிகள் பரணுக்கு ஏறின. ஒரு காலத்தில் யானை விலை விற்ற சாமான்கள் அடிமாட்டு விலைக்கு வந்த கதை இதுதான்.

அந்த மலிவுக் காலம் இப்போது அப்படியே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன எம்பி-1, ட்ரைஆக்ஸிஸ், ஜேஎம்பி-1 மூன்றுக்கும் மறுபடி கிராக்கி வந்துவிட்டது. நல்ல நிலையில் இருப்பதை யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள். அலெம்பிக் எஃப்-2பி என்ற ப்ரீஆம்பின் விலை இன்னும் மேலே. உள்ளே இருப்பது ஃபெண்டர் ஆம்பின் முன்பகுதியை ஒட்டிய எளிய டியூப் சர்க்யூட். பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் அதைப் பயன்படுத்தினார் என்ற ஒரு விஷயம் அதன் விலையைத் தனி உயரத்தில் வைத்திருக்கிறது. எக்கோபிளெக்ஸ் இபி-3 என்ற டேப் எக்கோவும் அப்படித்தான். எக்கோவை அணைத்துவிட்டு அதன் வழியாக கிட்டாரை அனுப்பினாலே ஒலி கொஞ்சம் தடித்து இனிமையாகிறது என்று பலர் கண்டுபிடித்தார்கள். அதிலுள்ள சின்ன டிரான்சிஸ்டர் ப்ரீஆம்பை மட்டும் தனியாகப் பெடலாகச் செய்து விற்கிறார்கள் இன்று. மூலப் பெட்டியின் விலை அதற்கேற்ப ஏறிவிட்டது. இந்தப் பெயர்களைத் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காசுக்கு அதே வேலையைச் செய்யும் இரண்டு மூன்று பெட்டிகள் கிடைக்கும்.

சரி, பயத்துக்கு வருவோம்.

பழைய ப்ரீஆம்பில் வரும் கோளாறுகளை நான் மனதுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும், ஆனால் சரிசெய்வது சுலபம் என்பவை ஒரு பக்கம். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் பெட்டியின் ஆயுள் முடிந்தது என்பவை மறுபக்கம். சந்தை இரண்டையும் "வேலை செய்யவில்லை" என்ற ஒரே வார்த்தையால் குறிக்கிறது.

முதல் வகையில் எனக்கு மிகவும் பிடித்தது எஃபெக்ட்ஸ் லூப் ஜாக். பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டைகள் இருக்கும். நடுவில் டிலே, ரிவெர்ப் போன்ற எதையாவது இணைப்பதற்காக. எதையும் இணைக்காதபோது சிக்னல் நேராகப் போக வேண்டும் அல்லவா? அதற்காக ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு சின்ன உலோக நாக்கு இன்னொரு உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும். கேபிளைச் செருகினால் நாக்கு விலகும், எடுத்தால் மறுபடி தொடும். யாரும் இருபது முப்பது வருடம் அந்த ஓட்டையைத் தொடாமலே விட்டால், தொடுகிற இடத்தில் கறுப்புப் படிந்துவிடும். சிக்னல் அங்கேயே நின்றுவிடும். விளக்கு எரியும், டியூப் சிவக்கும், குமிழ்கள் எல்லாம் சரியாக இருக்கும், சத்தம் மட்டும் வராது. அல்லது தொண்டை கட்டியதுபோல மெலிதாக வரும். இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்னக் கேபிளைப் போட்டுப் பார்த்தால் போதும். சத்தம் திரும்பி வந்தால், ஜாக்கைத் தவிர வேறெதற்கும் பழுது இல்லை. காண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, ஒரு பிளக்கைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"சத்தம் வரவில்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் விற்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: சென்ட்டையும் ரிட்டர்னையும் ஒரு கேபிளால் இணைத்துப் பார்க்க முடியுமா? சிலர் உடனே செய்து பார்த்து, சத்தம் வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லி, விலையையும் ஏற்றிவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு நல்ல பெட்டி குப்பைக்குப் போகாமல் பிழைத்தது. பலர் "அதற்கெல்லாம் நேரமில்லை, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அப்போது நான் கொஞ்சம் துணிந்து வாங்குவேன்.

அடுத்தது பேட்டரி. மிடியால் ப்ரீசெட் மாற்றும் பெட்டிகளில், மின்சாரம் இல்லாதபோதும் ப்ரீசெட்டுகள் மறக்காமல் இருக்க உள்ளே 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கும். எம்பி-1, ஜேஎம்பி-1 இரண்டிலும் உண்டு. சில வருடங்கள் உழைத்துவிட்டு அது தீர்ந்துபோகும். தீர்ந்ததும் நினைவகத்தில் குப்பை சேர்ந்துவிடும். ஆன் செய்தால் முகப்பில் அர்த்தமில்லாத எழுத்துகள் தெரியும், சேமித்த ஒலிகள் காணாமல் போகும், கெயின் (சிக்னலை வளர்க்கும் அளவு) ஏதோ ஒரு கண்டபடி அளவில் நின்று வீல் என்று கத்தும். முன்பின் தெரியாதவர் பார்த்தால் மூளையே போய்விட்டது என்றுதான் நினைப்பார். அப்படி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்த ஞாபகம் எனக்கு நன்றாக இருக்கிறது. மேல்மூடியைக் கழற்றியதும் போர்டின் மேல் மெல்லிய பழுப்புத் தூசி. ஓரமாக, நாணயம்போல ஒரு பேட்டரி, இரண்டு பக்கமும் தகடு வைத்து சால்டர் செய்திருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் 1 வோல்ட்கூடக் காட்டவில்லை. அதை எடுத்துவிட்டு, அடுத்த தடவை சால்டரிங் அயர்னே எடுக்க வேண்டாம் என்பதற்காக ஒரு ஹோல்டரை வைத்து புதுப் பேட்டரியைப் போட்டேன். பிறகு அந்த மாடலுக்கான ரீசெட் முறைப்படி பட்டன்களைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்ததும் முகப்பு தெளிந்தது. கிட்டாரைச் செருகி ஒரு ஈ மைனர் அடித்தபோது அறை முழுக்க அந்தக் காலத்து ஒலி.

பேட்டரி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் லித்தியத்துக்குப் பதில் ரீசார்ஜ் ஆகும் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது வயதானால் ஒழுகும். ஒழுகியது போர்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று படம் கேட்டுப் பாருங்கள். பொருக்கு பேட்டரியைச் சுற்றி மட்டும் இருந்தால் பேரம் பேசலாம். சிப் கால்கள் வரை பரவியிருந்தால் விட்டுவிடுங்கள்.

உறுமல் சத்தத்தைக் காதாலேயே வகைபிரிக்கப் பழகுவது நல்லது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் அதே 50-ல் ஆழமாக, உருண்டையாக ஒரு ஹம் வந்தால், பெரும்பாலும் கேபிள், எர்த், ஷீல்டு சம்பந்தப்பட்ட விஷயம். 100 ஹெர்ட்ஸில், கொஞ்சம் கூர்மையாக, ரீங்காரம் கலந்து வந்தால், பவர் சப்ளையில் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் ஃபில்டர் கண்டென்சர்கள் களைத்துவிட்டன என்று அர்த்தம். ஏசியை டிசி ஆக்கும்போது அலையின் எண்ணிக்கை இரட்டிப்பாவதால் இந்த வித்தியாசம். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் இது 60-ம் 120-ம் ஆக இருக்கும். விற்பவர் போடும் வீடியோவில்கூட இதைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம், நல்ல ஹெட்போன் இருந்தால் போதும். இந்த எலெக்ட்ரோலிட்டிக் வகைக் கண்டென்சர்கள் வயதாகி உலர்வது இயற்கை. 30 வருடப் பெட்டியில் அவற்றை மாற்றவேண்டி வரும் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

குமிழைத் திருப்பும்போது கரகர என்று வருவதெல்லாம் கோளாறே இல்லை, அழுக்கு. அதைக் காரணம் காட்டி யாராவது விலை குறைத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

டியூப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. ப்ரீஆம்பில் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 வகைதான் இருக்கும். ஐரோப்பாவில் அதையே ஈசிசி83 என்பார்கள், இரண்டும் ஒன்றேதான். பவர் ஆம்ப் டியூபோடு ஒப்பிட்டால் இவை நீண்ட நாள் உழைக்கும், மாற்றுவதும் சுலபம். கழற்றி, செருகினால் முடிந்தது, பயாஸ் (டியூபில் ஓடும் மின்னளவு) சரிசெய்யும் தொல்லை இல்லை. இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று மூன்று இடங்களில் புதிதாகத் தயாராகின்றன. அதனால் "டியூப் போய்விட்டது" என்பது பயப்பட வேண்டிய வரியே அல்ல. டியூபின் கண்ணாடி உச்சியில் வெள்ளிபோலப் பளபளக்கும் ஒரு பூச்சு இருக்கும். அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த டியூப் கதை முடிந்தது. வெள்ளியாக இருந்தும் சத்தம் இரைச்சலாக இருந்தால், வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு ஒரு பென்சிலின் மரமுனையால் டியூபை மெதுவாகத் தட்டுங்கள். மணி அடித்ததுபோல ஸ்பீக்கரில் 'டிங்' என்று பெரிதாகக் கேட்டால் அந்த டியூப் மைக்ரோஃபோனாக மாறிவிட்டது, மாற்றிவிட வேண்டியதுதான். நல்ல டியூபும் லேசாகச் சத்தம் போடும், அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

சில நேரம் உள்ளே இருக்கும் டியூபே பெட்டியைவிட மதிப்புள்ளதாக இருக்கும். பழைய டெலிஃபங்கன் டியூபின் அடிக்கண்ணாடியில், கால்களுக்கு நடுவே, வைர வடிவத்தில் ஒரு சின்ன அச்சு இருக்கும். மேலே அச்சடித்த எழுத்து கைபட்டு அழிந்துபோனாலும் இது அழியாது, கண்ணாடியோடு வார்த்தது. முல்லார்டு, ஆர்சிஏ டியூப்களுக்கும் தனி ரசிகர்கள் உண்டு. விற்பவருக்கு இது தெரியாமல் நமக்குத் தெரிந்தால் என்ன செய்வது? நான் சொல்லிவிடுவேன். ஒரு கருவியின் கோளாறை அடையாளம் காண்பது உழைப்பு, அதற்குக் கிடைக்கும் மலிவு நியாயமானது. ஒருவர் வீட்டுப் பொருளின் மதிப்பை அவரிடமிருந்து மறைப்பது வேறு விஷயம். இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்று தெரியும்.

இனி மறுபக்கம், அதாவது எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் தொடாதவை. பவர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்த பெட்டி. அதே அளவில் மாற்று கிடைப்பது கஷ்டம், சுற்றிக் கொடுக்கச் சொன்னால் செலவு பெட்டியைத் தாண்டும். அந்த நிறுவனம் தனக்கென்று எழுதிய நிரல் உள்ள சிப், தனக்கென்று செய்த டிஸ்பிளே இவற்றில் எது போனாலும் இன்னொரு செத்த பெட்டியிலிருந்துதான் எடுத்துப் போட வேண்டும். ட்ரைஆக்ஸிஸ் அருமையான ப்ரீஆம்ப், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஐந்து டியூப், ஒலியை மாற்றுவதற்கென்று வெளிச்சத்தால் இயங்கும் ஏகப்பட்ட ரெசிஸ்டர்கள். அவை வயதாகி ஒவ்வொன்றாகத் தடுமாற ஆரம்பித்தால் எது என்று தேடவே பொறுமை வேண்டும். அதை நல்ல நிலையில், முழு விலை கொடுத்து வாங்குங்கள். கோளாறோடு மலிவாக வாங்க ஏற்றது அல்ல.

போலி டியூப் என்ற ஒன்றும் இருக்கிறது. 1990-களிலிருந்து வந்த மலிவு ப்ரீஆம்ப்கள் சிலவற்றில் டியூப் நிஜமாகவே இருக்கும், ஆனால் அதற்குக் கொடுக்கும் வோல்டேஜ் மிகக் குறைவு. சாதாரண கிட்டார் ஆம்பில் 12ஏஎக்ஸ்7-க்கு 150-லிருந்து 250 வோல்ட் வரை போகும், இவற்றில் சில பத்து வோல்ட்தான். கண்ணாடி ஜன்னல் வைத்து, டியூபுக்குப் பின்னால் ஆரஞ்சு எல்இடி வைத்து, எரிவதுபோலக் காட்டுவார்கள். சின்ன அடாப்டரில் ஓடுவதை மட்டும் வைத்து இப்படி முடிவுகட்டக் கூடாது, உள்ளேயே வோல்டேஜை ஏற்றிக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு. சர்க்யூட் படத்தைத் தேடிப் பார்ப்பதுதான் ஒரே வழி. இவற்றின் ஒலி மோசம் என்று சொல்ல மாட்டேன், சிலது நன்றாகவே இருக்கும். டியூப் என்ற சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

டியூபே இல்லாத பழைய பெட்டிகளை மட்டமாகப் பார்க்கிற பழக்கம்தான் இந்தச் சந்தையில் மிகப் பெரிய வாய்ப்பு என்று நினைக்கிறேன். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் 1989-ல் வந்தது. கையடக்கமான பெட்டி, மேலே எட்டு குட்டி ஸ்விட்ச், ஒவ்வொன்றும் ஒலியின் ஒரு குணத்தை மாற்றும். ஸ்பீக்கரில் எப்படிக் கேட்குமோ அப்படியே நேராக ரெக்கார்டிங்குக்கு அனுப்பலாம். அதற்கும் முன்னால், 1982-ல், பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் செய்த ராக்மேன். அவர் எம்ஐடியில் இன்ஜினியரிங் படித்து, போலராய்டில் வேலை பார்த்தவர். இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்போனில் வாசிப்பதற்காகச் செய்த அந்தக் கருவி பெரிய ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்தது. அதன் ஒலிக்கு ஒரு முகம் உண்டு, எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது. ஆனால் அது பொருந்துகிற இடத்தில் வேறெதுவும் பொருந்தாது. சான்ஸ்ஆம்பின் முதல் பதிப்புக்கும் ராக்மேனுக்கும் விலை ஏறியிருக்கிறது. அதே வழியில் பின்னால் வந்த ரேக் வடிவங்களைப் பலர் கவனிப்பதில்லை, அங்கே தேடுங்கள்.

எங்கே, எப்படித் தேடுவது? பெட்டியின் பெயரைச் சரியாக எழுதித் தேடினால் உங்களோடு சேர்ந்து எல்லோரும் வருவார்கள். எழுத்துப்பிழையோடு தேடிப் பாருங்கள். ஈக்வலைசர், டிஜே சாமான், ஸ்டூடியோ சாமான் என்று தவறான பிரிவில் போட்டவற்றைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட, முழு ரேக்கை அப்படியே விற்கிறவர்களைப் பாருங்கள். தலைப்பில் எஃபெக்ட் பெயர் மட்டும் இருக்கும், படத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு ப்ரீஆம்ப் இருட்டில் தெரியும். ரேக்கைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் தெம்பில்லாததால், மொத்த விலை அதிலுள்ள சாமான்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். கேட்கிற விலையைப் பார்த்து மதிப்பு போடாதீர்கள், முன்பு எந்த விலைக்கு உண்மையில் விற்றது என்பதைப் பாருங்கள். ஒருவர் ஆறு மாதமாக ஒரே விலையைச் சொல்லிக்கொண்டிருந்தால், சந்தை அந்த விலையை ஏற்கவில்லை என்று அர்த்தம்.

"ஃபுட்ஸ்விட்ச் இல்லை" என்ற வரியும் விலையை இறக்கும். மிடி பெட்டியாக இருந்தால் இது ஒன்றுமே இல்லை. மிடி என்பது 1983-லிருந்து எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான மொழி. நேற்று வாங்கிய காலடிப் பெட்டியால் 1987-ன் எம்பி-1-ஐத் தாராளமாக மாற்றலாம். மிடி இல்லாத பெட்டியாக இருந்து, அந்த நிறுவனத்தின் தனி வகை ஸ்விட்ச் வேண்டும் என்றால் யோசிக்க வேண்டும். "அடாப்டர் இல்லை" என்றால் இன்னும் கவனம். அந்தக் காலத்து அலெசிஸ், டிஜிடெக் பெட்டிகள் பலவும் 9 வோல்ட் ஏசி அடாப்டரில் ஓடுபவை. பிளக் பொருந்துகிறதே என்று டிசி அடாப்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, செத்துவிட்டது என்று விற்கிறார்கள். பெட்டியின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அப்படியே மின் அளவையும் பாருங்கள். ஜப்பான் பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 120, மற்ற பல இடங்களில் 220-லிருந்து 240.

கிட்டாருக்கென்று செய்யாத பழைய சாமான்களும் இந்த வேலைக்கு உதவும். டியூப் போட்ட பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர்களின் மைக் ப்ரீஆம்ப், மேடை மைக்குக்கான ஆம்ப்கள், 16 எம்எம் படம் காட்டும் புரொஜெக்டர்களின் ஆம்ப் என்று பலதைக் கிட்டார்காரர்கள் மாற்றி வைத்துக்கொள்கிறார்கள், சிலவற்றின் ஒலி பிரமாதம். இங்கே மட்டும் என் குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராகக் கரண்டிலிருந்து ஓடும் பழைய டியூப் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் உலோகச் சட்டமே கரண்டோடு தொடர்பில் இருக்கும். கிட்டார் கம்பியும் அந்தச் சட்டமும் ஒன்றுதான், உங்கள் கையோ கம்பியின் மேல். 50சி5, 35டபிள்யூ4 போன்ற டியூப் எண்கள் உள்ளே கண்ணில் பட்டால் அந்த வகை என்று சந்தேகப்படுங்கள், கரண்ட் லைனிலிருந்து கருவியைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல் கிட்டாரைச் செருகவே செருகாதீர்கள். இரண்டு பின் பிளக்கோடு வரும் எந்தப் பழைய டியூப் பெட்டிக்கும் முதல் வேலை, விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து எர்த்தோடு கூடிய மூன்று பின் வயர் போடுவது. அணைத்து வைத்த பெட்டியின் கண்டென்சரிலும் ஆளை அடிக்கும் அளவுக்கு கரண்ட் மிச்சம் இருக்கும். தெரியாமல் மூடியைத் திறக்க வேண்டாம்.

வாங்கி வந்த பெட்டியை நேராகச் சுவரில் செருகுவதும் வேண்டாம். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு ஒன்று போதும், பழைய குண்டு பல்பு போட்டது. எல்இடி பல்பு உதவாது. பெட்டியை அதன் வழியாக ஆன் செய்தால், பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

அப்புறம் எதில் போட்டுக் கேட்பது என்ற கேள்வி. முன்பெல்லாம் தனி பவர் ஆம்ப் வேண்டும் என்ற ஒரே காரணத்தால் ரேக் ப்ரீஆம்பை ஒதுக்கினார்கள். இப்போது அந்தத் தடை இல்லை. உங்கள் ஆம்பில் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் இருந்தால் அதில் செருகுங்கள், ஆம்பின் சொந்த ப்ரீஆம்ப் விலகி இது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆம்பே இல்லையென்றால் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் போட்டு, கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் ஐஆர் (ஒரு ஸ்பீக்கரின் ஒலிக் குணத்தைப் பதிவு செய்த கோப்பு) ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஆர் இல்லாமல் கேட்டால் டிஸ்டார்ஷன் தேனீக் கூட்டம்போல ரீங்கரிக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும், நம் காது பழகியிருப்பது அந்த அடக்கத்துக்குத்தான். சரியாக வேலை செய்த நல்ல ப்ரீஆம்பை இந்த ஒரு காரணத்துக்காக "ஒலி மோசம்" என்று எழுதி விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரியையும் உங்கள் தேடல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்று புதிதாகத் தேட ஆரம்பிக்கிறவர் என்னிடம் கேட்டால், மார்ஷலின் 9001-ஐப் பார்க்கச் சொல்வேன். ஜேஎம்பி-1-க்கு முன்பு வந்த ப்ரீஆம்ப், அதே அளவு புகழ் அதற்குக் கிடைக்கவில்லை, ப்ரீசெட் கிடையாது, குமிழ்கள் மட்டும்தான். நினைவகப் பேட்டரி தீர்ந்து மறந்துபோகும் பிரச்சினையும் அதனால் இல்லை. கரகரக்கும் குமிழோடு, ஃபுட்ஸ்விட்ச் இல்லாமல், "சத்தம் விட்டுவிட்டு வருகிறது" என்ற குறிப்போடு ஒன்று கண்ணில் பட்டால், சென்ட், ரிட்டர்ன் கேள்வியைக் கேட்டுவிட்டு பேரத்தை ஆரம்பியுங்கள்.